‘கால்’ என்று தேடினால் ‘கூலி’ வருவது ஏன்?

கோவையிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்கிறார். கடிதத்தின் சாரம் இது:

ஒரு சிறிய பதிப்பகத்துக்காக மூன்று பேர் சேர்ந்து தமிழ் அகராதி ஒன்றை இணையதளமாகவும், இணையம் இல்லாமல் இயங்கும் ஆண்ட்ராய்டு செயலியாகவும் செய்கிறார்கள். தலைச்சொற்கள் 1,20,000. தளம் 2 ஜி.பி. நினைவகம் உள்ள வாடகை சர்வரில், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஓடுகிறது. சொல்லின் எந்த இடத்திலும் பொருத்தம் தேடும், இருபுறமும் சதவீதக் குறி போட்ட ‘லைக்’ தேடலுக்கு இரண்டு மூன்று விநாடி ஆகிறது. ஒரே கோப்பில் அடங்கும் சிறிய டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டின் முழுவுரைத் தேடலை முயன்றபோது ‘கால்’ என்று தேடினால் கூலி, கேலி, கோலி எல்லாம் வந்து நின்றன. “எஸ்க்யூலைட்டுக்குத் தமிழ் தெரியாது” என்று முடிவு செய்துவிட்டார்கள். எலாஸ்டிக்சர்ச் என்னும் தனித் தேடல் சர்வரில் போட்டுப் பார்த்த நண்பர் அங்கே எல்லாம் சரியாக வருவதாகச் சொல்கிறார். இன்னொருவர் நினைவகத்திலேயே இயங்கும் ரெடிஸ் என்கிறார், மூன்றாமவர் பொருள் நெருக்கத்தைத் தேடும் வெக்டர் டேட்டாபேஸ் என்கிறார். பிழையாகத் தட்டினாலும் சரியான சொல் வரவேண்டும். ஒரு பத்தியை ஒட்டினால் அதிலுள்ள அகராதிச் சொற்களை அடிக்கோடிட்டுக் காட்டவேண்டும். எதை வாங்குவது, எந்த நிரல் லைப்ரரியைச் சேர்ப்பது என்பது கேள்வி.

உங்கள் தரவின் எடையை முதலில் போட்டுப் பார்ப்போம். கணினி எழுத்தைச் சேமிக்கும் யூ.டி.எஃப். 8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ‘தமிழ்’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு, 15 பைட். சொல்லுக்குச் சராசரி 8 குறியீடு என்று வைத்தால் 24 பைட். 1,20,000 சொல்லும் சேர்ந்து 29 லட்சம் பைட், அதாவது மூன்று எம்.பி.கூட இல்லை. சொல்லுக்கு 600 பைட் பொருள் விளக்கம் சேர்த்தாலும் 75 எம்.பி.க்குள் அடங்கும். கைப்பேசியில் ஒரு சில நிமிட வீடியோவின் அளவு. இதற்குத் தனித் தேடல் சர்வர் வைப்பது தேவைக்கு மிஞ்சிய செலவு. வேகம் உங்கள் பிரச்சினையே அல்ல. எந்த இரண்டு சொல்லை ‘ஒன்று’ என்று கருதுவது என நீங்கள் இன்னும் தீர்மானிக்கவில்லை. அதைத் தீர்மானித்துவிட்டால் டேட்டாபேஸ் எதுவானாலும் ஓடும்.

கூலி எங்கிருந்து வந்தது

எஸ்க்யூலைட்டின் முழுவுரைத் தேடல் பகுதியான எஃப்.டி.எஸ். 5, உரையைச் சொற்களாகப் பிரிக்க வழக்கமாகப் பயன்படுத்தும் சொல்வெட்டியின் பெயர் ‘யூனிகோட்61’. எழுத்து, எண், தனிப்பயன் குறியீடு என்னும் மூன்று வகையை மட்டுமே அது சொல்லின் உறுப்பாக எடுத்துக்கொள்ளும். நம் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் ‘எழுத்து’ வகையில் இல்லை, ‘குறி’ வகையில் இருக்கின்றன. ஆகவே அவை அதற்கு இடைவெளி மாதிரி. ‘கால்’ க, ல என்று இரண்டு துண்டாகிறது. கூலியும் க, ல. கேலியும் கோலியும் அப்படியே. கல், கலை, கலி மூன்றும் ‘கல’ ஆகிவிடும்.

மருந்து ஒரே வரிதான். அட்டவணையை உருவாக்கும்போது சொல்வெட்டிக்கு வகைகளைச் சொல்லும் விருப்பத்தில் எல், என், சி.ஓ. (மேலே சொன்ன மூன்று வகை) ஆகியவற்றோடு ‘குறி’ வகைகளான எம்.என்., எம்.சி. இரண்டையும் சேருங்கள். இரண்டும் வேண்டும். புள்ளியும் ஈகாரக் குறியும் எம்.என். வகை, மற்ற உயிர்க்குறிகள் எம்.சி. வகை. ஒன்றை மட்டும் சேர்த்தால் பாதி நோய் உடம்பிலேயே தங்கும். விருப்பத்தை மாற்றியதும் பழைய அட்டவணையை நீக்கிவிட்டு முழுதாக மறுபடி ஏற்றவேண்டும்.

எலாஸ்டிக்சர்ச்சின் வழக்கமான சொல்வெட்டி யூனிகோடின் சொல்லெல்லை விதியைப் பின்பற்றுவதால் அங்கே இந்தக் கோளாறு வராது. நண்பருக்கு அது தமிழ் படித்தது போலத் தோன்றியதற்குக் காரணம் இவ்வளவுதான். இதே பொறி பைத்தான் நிரல்மொழியிலும் உண்டு: உரையில் வடிவங்களைத் தேட அதிலுள்ள இயல்பான ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ‘சொல் எழுத்து’ என்னும் குறியும் தமிழ் உயிர்க்குறிகளில் வெட்டிவிடும். பத்தியைச் சொற்களாகப் பிரிக்க அதை நம்பாதீர்கள். யூனிகோட் எண் 2944 முதல் 3071 வரையுள்ள தமிழ்ப் பகுதியை நீங்களே எழுத்துத் தொகுதியாகக் கொடுங்கள்.

முதலில் துலக்குங்கள்

தேடலுக்கு முன் தரவைச் சுத்தம் செய்யும் வேலைக்கு உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் பாதிப் புகார் அங்கேதான் பிறக்கும்.

‘கொ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தின் பின் ஒகரக் குறி ஒன்றே (எண் 3018), அல்லது எகரக் குறியும் (3014) துணைக்காலும் (3006) தனித்தனியாக. திரையில் வேறுபாடு தெரியாது. டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு சொல். என்.எஃப்.சி. என்னும் யூனிகோட் இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்கும். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் குறியும் ளகரமும் போட்டுத் தட்டியிருந்தால் அதை இயல்பாக்கம் திருத்தாது. துணைக்கால் இடத்தில் ரகரம் தட்டியிருந்தாலும் அப்படியே விட்டுவிடும். இவற்றுக்குத் தனி விதி எழுதவேண்டும். கண்ணுக்குத் தெரியாத இணைப்பான்கள் (எண் 8204, 8205) ஒட்டிக்கொண்டிருக்கும், நீக்கிவிடுங்கள். ‘ஸ்ரீ’ என்பதை ஸகரத்தாலும் ஶகரத்தாலும் எழுதுகிறார்கள், ஒன்றாக்குங்கள்.

பதிப்பகத்தின் பழைய கோப்புகள் யூனிகோட் அல்லாத பாமினி போன்ற எழுத்துருவில் இருந்து மாற்றப்பட்டவை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஒரு சோதனை கட்டாயம்: உயிர்க்குறியிலோ புள்ளியிலோ (3006 முதல் 3021 வரை, 3031) தொடங்கும் தலைச்சொற்களையும், இரண்டு குறிகள் அடுத்தடுத்து வரும் சொற்களையும் பட்டியலிடுங்கள். என்.எஃப்.சி. முடிந்தபின் அப்படி எது மிஞ்சினாலும் அது மாற்றத்தில் உடைந்த சொல், கையால்தான் திருத்தவேண்டும்.

இடையில் ஒன்று. பழைய ‘யூ.டி.எஃப். 8’ என்னும் மூன்று பைட் வகையில் மைஎஸ்க்யூஎல் அட்டவணை இருந்தால் அன்றாடத் தமிழுக்குத் தொல்லை இல்லை. ஆனால் 2019-இல் யூனிகோட் 12-இல் சேர்ந்த தமிழ்ப் பின்ன, அளவைக் குறிகளுக்கு நான்கு பைட் வேண்டும். அகராதிக்காரர்களுக்கு அது என்றாவது ஒருநாள் தேவைப்படும்.

நேர்த்தேடலும் முன்னொட்டுத் தேடலும்

இருபுறமும் சதவீதம் போட்ட ‘லைக்’ எந்த டேட்டாபேஸிலும் சாதாரண இன்டெக்ஸை (அகரவரிசைப் பட்டியலை) பயன்படுத்த முடியாது. முதல் எழுத்தே தெரியாதபோது அகரவரிசை என்ன செய்யும்? எல்லா வரியையும் படிக்கும். தட்டத் தட்டச் சொற்கள் வர உங்களுக்குத் தேவை சொல்லின் தொடக்கத்தை மட்டும் பொருத்தும் முன்னொட்டுத் தேடல் மட்டுமே.

எஸ்க்யூலைட்டில் ‘லைக்’ பெரிய, சிறிய ஆங்கில எழுத்தை ஒன்றாகக் கருதுவதால், வலப்புறம் மட்டும் சதவீதம் போட்டாலும் சாதாரண இன்டெக்ஸ் கைகொடுக்காது. பெரிய, சிறிய எழுத்தை வேறுபடுத்தும் ‘குளோப்’ பயன்படுத்துங்கள், அல்லது எல்லை கொடுத்துத் தேடுங்கள்: ‘கல’ முதல், கடைசிக் குறியீட்டை ஒன்று கூட்டினால் வரும் ‘கள’வுக்கு முன் வரை. எனக்குப் பிடித்தது இரண்டாவது. எழுத்துகளைக் குறியீட்டு எண்படியே ஒப்பிடும் எந்த டேட்டாபேஸுக்குப் போனாலும் மாறாது. டேட்டாபேஸ் எப்படித் தேடப்போகிறது என்று காட்டும் வினவல் திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். ‘சர்ச்’ என்று பதில் வந்தால் இன்டெக்ஸ் வேலை செய்கிறது. ‘ஸ்கேன்’ என்றால் முழு அட்டவணையும் படிக்கப்படுகிறது.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒலிபெயர்ப்புக் கீபோர்டில் ‘கலை’ என்று தட்டுகிறவரின் திரையில் நடுவே ‘கல்’ என்று புள்ளியோடு ஒரு கணம் நிற்கும். அப்போது புள்ளியையும் சேர்த்துத் தேடினால் கல்வியும் கல்லூரியும் வரும், கலை மறைந்துபோகும். எனவே தட்டிய சொல் புள்ளியில் முடிந்தால் புள்ளியை விட்டுத் தேடி, புள்ளியோடு பொருந்துபவற்றை மேலே வையுங்கள்.

வந்த சொற்களை வரிசைப்படுத்துவதற்கும் யூனிகோட் எண்ணை நம்பக்கூடாது. அதில் ற, ரகரத்துக்கு அடுத்தும், ன, நகரத்துக்கு அடுத்தும் நிற்கும். ‘க்’ எல்லாக் ககர வரிசைக்கும் கடைசியில் போகும். நம் நெடுங்கணக்கில் ‘க்’ முதலில் வரும். வரிசையை ஒரே முறை சரியாகக் கணக்கிட்டு, 1 முதல் 1,20,000 வரை எண்ணாக அட்டவணையின் ஒரு நெடுவரிசையில் சேமித்துவிடுங்கள். தேடும் நேரத்தில் கணக்கு எதற்கு?

சொல்லின் முடிவைக் கொண்டு தேடப் பாட்டெழுதுவோரும் குறுக்கெழுத்துக்காரர்களும் கேட்பார்கள். சொல்லைக் குறியீடு குறியீடாகத் தலைகீழாக்கி இன்னொரு நெடுவரிசையில் வையுங்கள். பார்க்க அலங்கோலமாக இருக்கும், ஆனால் முன்னொட்டுத் தேடல் அதில் அப்படியே ஓடும். நடுவில் தேட சொல்லை மும்மூன்று குறியீடாக வெட்டும் எஃப்.டி.எஸ். 5-இன் ட்ரைகிராம் வெட்டி இருக்கிறது (2020 டிசம்பரில் வந்த 3.34 பதிப்பு முதல்). அதற்குக் குறைந்தது மூன்று குறியீடு வேண்டும். பூ, தீ, கை எல்லாம் இரண்டே குறியீடு, ஆகவே ஒன்றும் வராது.

பிழையாகத் தட்டுகிறவர்கள்

‘ஒரு எழுத்து வித்தியாசம் உள்ள சொற்களைக் கொடுத்தால் போதும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘பளம்’ என்று தட்டுகிறார் ஒருவர். ஒரு குறியீடு மட்டும் மாறும் சொற்கள்: பழம், பலம், படம், பணம், பயம், பதம், களம், வளம், தளம். அவர் தேடியது பழம்தான் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். எத்தனை மாற்றம் என்று மட்டும் எண்ணும் லெவன்ஷ்டைன் தூரத்துக்குத் தெரியாது. அதற்கு ழகரம் டகரமாவதும் ளகரமாவதும் ஒன்றுதான்.

அதனால் லைப்ரரியைத் தேடும் முன் ஒலிச்சாவி செய்யுங்கள், அதாவது ஒத்து ஒலிக்கும் எழுத்துகளை ஒன்றாக்கி எழுதிய சொல்வடிவம். இறுக்கமான சாவியில் ல, ள, ழ மூன்றும் ‘ல’. ர, ற இரண்டும் ‘ர’. ந, ன, ண மூன்றும் ‘ன’. ஐ என்பது ‘அய்’, ஔ என்பது ‘அவ்’. இப்போது பளமும் பழமும் பலமும் ‘பலம்’ ஆகின்றன, மற்றவை விலகுகின்றன. சில்லரை சில்லறையைக் கண்டுபிடிக்கும், அய்யா ஐயாவையும் அவ்வை ஔவையையும். அடுத்து தளர்வான சாவி: இரட்டித்த மெய்யை ஒன்றாக்குவது, ஏகார ஓகாரத்தை எகர ஒகரமாக்குவது, ஜ, ஷ, ஸ மூன்றையும் சகரமாக்குவது. ‘பத்திரிக்கை’ என்று எழுதும் பெருங்கூட்டத்துக்கு இது ஒன்றே வழி. ஹகரத்துக்கு மட்டும் இரட்டைச் சாவி வேண்டும். மஹாராஜாவில் அது ககரமாகும். ஹோட்டலில் விழுந்து ஓட்டலாகும்.

சாவி ஒன்றானதால் சொல் ஒன்றாகிவிடாது. அரம் தேடி வந்தவருக்கு அறத்தைப் போதிக்க வேண்டியதில்லை. நேராகப் பொருந்துவது முதலில், இறுக்கமான சாவி அடுத்து, தளர்வான சாவி அதற்கும் கீழே, ‘இதையா தேடினீர்கள்’ என்ற தலைப்பில். மூன்றும் சாதாரண இன்டெக்ஸ் தேடல்தான். சேமித்த சொல்லும் தட்டிய சொல்லும் ஒரே செயற்கூறு வழியாகவே சாவியாகவேண்டும். இணையதளத்தில் பைத்தானிலும் செயலியில் காட்லினிலும் தனித்தனியாக எழுதும்போது ஒரு விதி ஒரு பக்கம் விடுபட்டால், சொல் ‘இல்லை’ என்று வரும், பிழைச்செய்தியே வராது. சாவி விதிகளுக்குப் பதிப்பு எண் கொடுத்து டேட்டாபேஸிலேயே எழுதிவையுங்கள். எண் பொருந்தாவிட்டால் செயலி தொடங்கவே கூடாது.

இவ்வளவுக்கும் தப்பிய தட்டுப்பிழைக்குத்தான் லெவன்ஷ்டைன் தூரம். இணையதளத்தில் ரேபிட்ஃபஸ் என்னும் பைத்தான் லைப்ரரி போதும். சொல்லின் மேல் அல்ல, சாவியின் மேல் ஓட்டுங்கள், நீளம் இரண்டுக்கு மேல் வேறுபடுபவற்றைக் கழித்துவிட்டு. கைப்பேசியில் சிம்ஸ்பெல் வழி நல்லது: ஒவ்வொரு சாவியிலும் ஒரு குறியீட்டை மாற்றி மாற்றி நீக்கிய வடிவங்களை முன்கூட்டியே சேமிப்பது. 1,20,000 சொல்லுக்கு 8 வீதம் 9,60,000 வரி. தட்டிய சொல்லிலும் அப்படியே ஒவ்வொன்றாக நீக்கி இரண்டும் சந்திக்குமிடத்தைப் பார்க்கவேண்டும். இரு பக்கமும் நீக்குவதால் தூரம் இரண்டு உள்ளவையும் சில நுழைந்துவிடும். கிடைத்த சில சொற்களுக்கு மட்டும் உண்மைத் தூரத்தைக் கணக்கிட்டு வடிகட்டுங்கள்.

பத்தியில் அடிக்கோடிடுவது

ஆஹோ–கொராசிக் முறையை 1975-இல் ஆல்ஃப்ரெட் ஆஹோவும் மார்கரெட் கொராசிக்கும் வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கான தொடர்களை ஒரே ஓட்டத்தில் கண்டுபிடிக்க அருமையான முறை. ஆனால் உங்கள் முதல் தேவைக்கு அது வேண்டாம். பத்தி இடைவெளியால் ஏற்கெனவே பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு சொல்லையும் அட்டவணையில் பார்த்தால் போதும். அந்த முறையை நேராக விட்டால் தலைவருக்குள் தலையையும் கல்விக்குள் கல்லையும் அடிக்கோடிடும். பல சொல் கொண்ட மரபுத்தொடர்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள், அங்கேயும் தொடரின் முன்னும் பின்னும் சொல்லெல்லை இருக்கிறதா என்று சோதித்து, நீளமான பொருத்தத்தையே எடுங்கள்.

உண்மையான தடை வேறு. பத்தியில் ‘மரம்’ வராது. மரத்தை, மரத்தில், மரங்கள் என்றுதான் வரும். இவற்றில் ‘மரம்’ என்ற எழுத்து வரிசை எங்குமே இல்லை. வீடு வீட்டையாகும், ஆறு ஆற்றிலாகும். பெயர்ச்சொற்களுக்கு வடிவங்களை முன்கூட்டியே பிறப்பித்துவிடுங்கள். 70,000 பெயர்ச்சொல், ஒருமை பன்மைக்கு வேற்றுமை உருபுகளோடு 18 வடிவம் என்றால் 12,60,000 வரி. எஸ்க்யூலைட்டுக்கு இது சுமையே இல்லை. உம், ஏ, தான் போன்ற ஒட்டுகளையும் பிறப்பிக்கப் போனால் பல மடங்காகும். அவற்றைத் தேடும்போது கழற்றுங்கள். ‘மரத்தைப் பார்த்தேன்’ என்பதில் மிகுந்த ‘ப்’பையும் கழற்றவேண்டும். சொல் க், ச், த், ப் ஒன்றில் முடிந்து, அடுத்த சொல் அதே மெய்யில் தொடங்கினால் மட்டும். ‘பார்க்’ போன்ற இரவல் சொற்கள் இருப்பதால், கழற்றாத வடிவத்தை முதலில் தேடிப் பார்ப்பது நல்லது. வினைச்சொற்களை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளுங்கள். வா, வந்தான், வருகிறான் என்று அடியே மாறுவதால் ஒவ்வொரு வகைக்கும் அட்டவணை வேண்டும், அது மாதக்கணக்கு வேலை.

எதை வாங்குவது, எது வேண்டாம்

என் பரிந்துரை ஒரே எஸ்க்யூலைட் கோப்பு. தளத்துக்கும் செயலிக்கும் அதே கோப்பு, வாசிப்புக்கு மட்டும். ஏற்றும்போது எல்லாச் சொற்களையும் ஒரே பரிவர்த்தனைக்குள் (மொத்தமாக எழுதி முடிக்கும் ஒரு தொகுப்புக்குள்) ஏற்றுங்கள். சொல்லுக்கொரு பரிவர்த்தனை என்றால் ஒவ்வொரு முறையும் வட்டில் எழுதி முடியும்வரை காத்திருக்கும்; நிமிட வேலை மணிக்கணக்காகும். ஆண்ட்ராய்டு போனுக்குப் போன் உள்ளிருக்கும் எஸ்க்யூலைட் பதிப்பு மாறுவதால், உங்கள் பிரதியைச் செயலியோடு சேர்த்தே கட்டுங்கள்.

நாளை பயனர்களும் திருத்தம் சேர்க்கும் தளமாக மாறினால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் நல்லது. 12-ஆம் பதிப்பு முதல் அதில் தமிழுக்கான அடிச்சொல் வெட்டியும் இருக்கிறது, ஆனால் அகராதித் தரத்துக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். அதன் ட்ரைகிராம் நீட்சியைச் ‘சி’ லொகேல் என்னும் மொழியமைப்பு உள்ள டேட்டாபேஸில் நிறுவினால் தமிழ் எழுத்துகளையே கண்டுகொள்ளாது. ஒரு சொல்லின் ட்ரைகிராம்களைக் காட்டும் செயற்கூறு அதிலேயே உண்டு, முதலில் அதில் ‘தமிழ்’ கொடுத்துப் பாருங்கள்.

லட்சக்கணக்கான பக்க மேற்கோள்களைத் தரவரிசையோடு தேடும் நாளில் எலாஸ்டிக்சர்ச்சுக்கு வாருங்கள். உங்கள் 2 ஜி.பி. சர்வரில் தளத்தோடு சேர்ந்து அது மூச்சுவிடாது. அதன் பிழைபொறுத்தல் இரண்டு மாற்றத்துக்கு மேல் போகாது. தானியங்கி அமைப்பில் இரண்டு குறியீட்டுச் சொல்லுக்கு ஒரு மாற்றம்கூட அனுமதி இல்லை. அங்கேயும் ஒலிச்சாவியை நீங்கள்தான் செய்யவேண்டும். ரெடிஸ் நினைவகத்தில் வேகமாகத் தேடும், மூன்று எம்.பி. சொற்களுக்கு எஸ்க்யூலைட் கோப்பே நினைவகத்தில் தங்கிவிடும். வெக்டர் டேட்டாபேஸ் பொருள் நெருக்கத்துக்கானது. மரம் என்று தேடினால் செடியைக் காட்டும். பளம் பழமாவது அதன் வேலை அல்ல.

உரிமம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பதிப்பகம் கேட்கும். எஸ்க்யூலைட் யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுச் சொத்து (பப்ளிக் டொமைன்). ரேபிட்ஃபஸ் கட்டுப்பாடு குறைந்த எம்.ஐ.டி. உரிமம். இணையத்தில் பல பாடங்கள் இன்னும் காட்டும் பழைய ஃபஸிவஸி லைப்ரரி, ஜி.பி.எல். உரிமத்தில் வந்தது, அதைச் செயலிக்குள் வைத்து விநியோகித்தால் உங்கள் மூல நிரலையும் தரவேண்டிய கடமை எழும். எலாஸ்டிக்சர்ச் 2021-லும் ரெடிஸ் 2024-லும் உரிமத்தை மாற்றின. அது பெரும்பாலும் அவற்றையே சேவையாக விற்பவர்களுக்கான கவலை, உங்களுக்கல்ல.

வேலையைத் தொடங்கும் முன் 200 கேள்விகள் கொண்ட ஒரு கோப்பைத் தயார் செய்யுங்கள்: நேரான சொல் 50, பிழைச்சொல் 50, பாதி தட்டிய சொல் 50, உருபேற்ற சொல் 50, ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கும் விடை. முதல் ஐந்து முடிவுக்குள் விடை வந்ததா என்று ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் ஓட்டுங்கள். பிழைச்சொற்களை நீங்களாகக் கற்பனை செய்யாதீர்கள். இப்போதைய தளத்தின் பதிவில் ‘முடிவு இல்லை’ என்று திரும்பிய தேடல்களை எடுங்கள். உங்கள் வாசகர்கள் செய்யும் பிழைகளே அங்கே வரிசையாகக் கிடக்கும்.